வலிக்கிறது, ஆகையால் தாங்காது

கலையரசன் மேஸ்திரி தத்துவம் படிக்க ஆரம்பித்ததற்கு அவர் மனைவி கீதாஞ்சலியின் விரல்தான் காரணம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருடமாக ஊராருக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவள் அவள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, புதுக் குடும்ப அட்டை என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறாள், ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. சொந்தப் புருஷனுக்காக ஒரே ஒரு விண்ணப்பம் போட்டாள், அது சொதப்பியது.

மேஸ்திரி சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து வீட்டில் கிடந்த நேரம். தொலைநிலைக் கல்வியில் கட்டட மேற்பார்வை என்று ஒரு சான்றிதழ் படிப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டு, இனிமேல் உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கட்டுமே என்று அதைத் தேடினாள். அன்றைக்கு சர்வர் நொண்டியடித்துக்கொண்டிருந்தது. படிப்புகளின் பட்டியல் பாதி இறங்கி நின்றது. அவள் அழுத்தினாள். அழுத்திய அதே நொடியில் மீதிப் பட்டியலும் இறங்கி வந்து, விரல் பட்ட இடத்தில் வேறொரு படிப்பு வந்து நின்றது. சமர்ப்பித்த பின் மாற்ற இயலாது என்று திரையில் ஒரு வரி ஓடியது. மூன்று வாரம் கழித்துத் தபால்காரர் ஒரு புத்தகக் கட்டைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். அட்டையில் ‘இந்திய மெய்யியல்’ என்று போட்டிருந்தது.

“இன்னா கீதா இது?”

“உள்ள எங்கனா சிமென்ட் பத்தி இருக்கும், பாருங்க” என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

திருவண்ணாமலை இல்லாமல் வேறு ஊராக இருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள். செங்கம் ரோட்டின் பின்சந்தில் குடியிருந்துகொண்டு மெய்ப்பொருளை ஆராய்கிறேன் என்று சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். டீக்கடையில் பக்கத்து ஸ்டூலில் இருப்பவன் அதற்காகவே பிரான்சிலிருந்து விமானம் ஏறி வந்திருப்பான். இருபத்திரண்டு வருடமாகக் கலையரசன் இவர்களுக்குத்தான் அறை கட்டிக்கொண்டிருந்தார். சும்மா உட்கார வருகிறவனுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு போதும், ஜன்னல் மட்டும் மலைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அவர்களைப் பற்றி அவர் கண்டறிந்த உண்மை. அவர்கள்மேல் அவருக்கு ஒரு இளக்காரம் இருந்தது. இப்போது அவரும் மலைப் பக்க ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

விழுந்த கதை எளிது. ஒரு கெஸ்ட் ஹவுசின் மூன்றாம் மாடிக்கு வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. சாரத்துக் கயிற்றில் ஒரு முடிச்சு நழுவியது. பெல்ட் போடு, பெல்ட் போடு என்று ஆட்களிடம் நாள் முழுக்கக் கத்துகிற மேஸ்திரி, அன்று தன்னுடைய பெல்ட்டைக் கழற்றி சிமென்ட் மூட்டைமேல் வைத்திருந்தார். கீழே மணல் கொட்டியிருந்ததால் உயிர் தப்பியது. இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் போனது. உள்ளே ராடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

மூன்றாம் மாதம் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, ஊன்றி நடங்கள் என்றார். மேஸ்திரி இடது காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, வாக்கரில் தொத்தித் தொத்தி, டாக்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். நான்காம் மாதமும் அதே கும்பிடு, ஐந்தாம் மாதமும் அதே கும்பிடு. ஆறாம் மாதம் டாக்டருக்கு முகம் மாறிவிட்டது.

“இன்னும் ரெண்டு மாசம் இப்படியே தூக்கி வெச்சிருந்தீங்கன்னா முட்டி இறுகிடும், தசை வத்திடும். அப்பால நீங்களே ஆசைப்பட்டாலும் நடக்க முடியாது. வாழ்நாள் பூரா இந்த வாக்கர்தான்.”

கீதாஞ்சலி அன்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அந்த இரண்டு மாதம் என்றைக்கு முடிகிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். மேஸ்திரி மட்டும், டாக்டர் சொன்னதில் ‘நீங்கள்’ என்பது யாரைக் குறிக்கிறது என்று யோசித்துக்கொண்டு வந்தார். படிப்பு அந்த அளவுக்கு முற்றியிருந்தது.

வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி செய்யவரும் சினேகாவிடம்தான் அந்தப் படிப்பு முழுவதும் இறங்கியது. இருபத்தாறு வயதுப் பெண். அவள் ஸ்கூட்டிச் சத்தம் சந்தில் கேட்டதும் மேஸ்திரி அவசரமாகப் புத்தகத்தை விரித்துவிடுவார்.

“உடம்பு நான் இல்லைன்னு நாலாம் பாடத்துல போட்டிருக்கான்மா. அப்போ எக்சர்சைஸ் யாருக்கு?”

“சரிங்கண்ணா. நீங்க இல்லாத அந்தக் காலைக் கொஞ்சம் தூக்குங்க.”

“அஞ்சாம் பாடத்துல வேற ஒருத்தன், உடம்புதான் நான், வேற ஒண்ணுமே கெடையாதுங்கறான்.”

“அப்போ பத்து தடவை ஜாஸ்தியாத் தூக்குங்க.”

எல்லாமே கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டிருக்கிறது என்ற பாடம் வந்த வாரம், அடுத்த தடவை கட்டாயம் ஊன்றுகிறேன் என்று வெள்ளிக்கிழமை வாக்குக் கொடுத்தது வேறு ஆள், தான் வேறு ஆள் என்று வாதாடிப் பார்த்தார். அந்த ஆள் போகும்போது தன் பாக்கியை இந்த ஆள்மேல்தான் எழுதிவைத்துவிட்டுப் போனார் என்றாள் சினேகா. தூக்கச் சொன்னதை எல்லாம் படுத்தவாறே செய்வார். எழுந்து ஊன்றச் சொன்னால் மட்டும் மேஸ்திரியின் முகம் வெளுத்துவிடும். கை வாக்கரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் சினேகாவும் வற்புறுத்துவதில்லை.

இப்படித் தத்துவத்தை முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டிருந்தவரை அந்தத் தத்துவமே காலை வாரிவிட்டது தர்க்கப் பாடத்தில். எதை நிறுவ வேண்டுமானாலும் மூன்று வேண்டும் என்று அந்தப் பாடம் சொன்னது. முதலில் மேற்கோள், அதாவது நீ சொல்ல வருவது. அடுத்து ஏது, அதற்குக் காரணம். கடைசியில் எடுத்துக்காட்டு. மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுப்படியில் போல. மலையையே நெருப்பாகக் கும்பிடுகிற ஊர்க்காரருக்கு இந்த உதாரணம் கொஞ்சம் சிரிப்பாக இருந்தாலும், அதன் கட்டுமானம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எடுத்துக்காட்டு என்பது தூக்குக்குண்டு, சுவர் நேரா இல்லையா என்று அது காட்டிக்கொடுத்துவிடும் என்று புரிந்துகொண்டார்.

நீங்களே ஒன்றைக் கட்டி அனுப்புங்கள் என்றது ஒப்படைப்புத் தாள். மேஸ்திரி யோசிக்கவே இல்லை. மேற்கோள்: என் இடது கால் என்னைத் தாங்காது. ஏது: ஊன்றினால் வலிக்கிறது. எடுத்துக்காட்டு: விரிசல் விட்ட தூண் போல. கீதாஞ்சலி அதைக் கடையில் ஸ்கேன் செய்து ஏற்றி அனுப்பினாள். பத்தாம் நாள் திருத்தி வந்தது. பத்துக்கு மூன்று. கீழே சிவப்பில் எழுதியிருந்தார்கள்:

‘தூணுக்கு வலிக்குமா? வலிப்பதெல்லாம் தாங்காது என்பதற்கு எடுத்துக்காட்டுத் தருக. வலித்தும் தாங்கியது ஒன்றே ஒன்று இருந்தாலும் உங்கள் ஏது விழுந்துவிடும். மறுமுறை எழுதுக. மதிப்பீட்டாளர்.’

மேஸ்திரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எந்த இன்ஜினியரும் அவர் சுவரை இடித்துக் கட்டச் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த கீதாஞ்சலியிடம் போய் நின்றார்.

“வலிச்சா தாங்காதுங்கறதுக்கு ஒரு உதாரணம் சொல்லு பாப்போம்.”

அவள் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. “நான் ரெண்டு பெத்தேன். வலிச்சுது. பெரியவ மூணே முக்கால் கிலோ. தாங்கலையா?”

மேஸ்திரி தொத்திக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினார். வேறு எங்காவது கிடைக்கும் என்று தன் வாழ்க்கைக்குள்ளேயே தேடினார். அங்கே இன்னும் மோசம். பதினாறு வயதில் செங்கல் சுமந்த முதல் வாரம் கழுத்து இற்று விழுவது போல வலித்தது. ஒரு செங்கலும் கீழே விழவில்லை. சுண்ணாம்பில் வெந்த கை கரண்டியைப் பிடித்தது. முதல் மாடிக் கான்கிரீட் போட்ட அன்று காய்ச்சலில் உடம்பெல்லாம் நொந்தது. மாடி இன்னும் நிற்கிறது. தேடத் தேட வலித்துத் தாங்கியதுதான் கிடைத்தது. இரண்டு நாளில் அவருடைய ஏது தரைமட்டமாகிவிட்டது.

சரி, கால் இறங்கியதா? இல்லை. தர்க்கத்தில் தோற்ற கையோடு எழுந்து நடக்கிறவனை நான் கதைகளில்கூடப் பார்த்ததில்லை. அடுத்த நாள் சினேகா வந்து நிற்கவைத்தபோதும் அதே வெளிறின முகம், அதே இறுகின கை. ஆனால் ஒரு வித்தியாசம். முன்பெல்லாம் வலிக்குது என்று சொல்லித் தப்பிப்பார், இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அது காரணம் இல்லை என்று அவர் கையாலேயே எழுதிப் பார்த்தாகிவிட்டது. அப்படியானால் எது காரணம்?

மறுநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது மறு ஒப்படைப்பை எழுத உட்கார்ந்தார். வெகுநேரம் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே மூச்சில் எழுதினார்.

‘மேற்கோள்: நான் உறுதி என்று நம்புவது உறுதியாக இருக்காது. ஏது: நம்பியது நான் என்பதே. எடுத்துக்காட்டு: அந்தச் சாரம் போல. அதன் முடிச்சை நான்தான் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். அன்று காலை என் பேச்சை நம்பி மூன்று பெண்கள் கலவைச் சட்டியோடு அதில் ஏறி இறங்கினார்கள். அவர்கள் இறங்கிய பிறகு நான் ஏறினேன், அவிழ்ந்தது. இன்றைக்கு டாக்டர் கால் உறுதி என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.’

மடித்து உறையில் போட்டு, படிக்காதே என்று சொல்லாமல் கீதாஞ்சலியிடம் கொடுத்தார். சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்திலேயே பிரித்திருப்பாள் என்பது வேறு விஷயம்.

மறுநாள் சாயங்காலம் அவள் கடையிலிருந்து வந்தாள். பையைக்கூட மாட்டாமல் கட்டில் முனையில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“ஸ்கேன் பண்ணும்போது படிச்சேன். ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கல.”

“ஏழு மாசமா இன்னா வேணும், எங்க வலிக்குது, சாப்புடறீங்களான்னு கேட்டுனேதான் இருக்கறேன். கேள்வித்தாள் அடிச்சுக் குடுத்தாத்தான் வாயத் தொறப்பீங்களா?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்த மூணு பேருக்கும் ஒண்ணும் ஆவலல்ல?” என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றார். “அப்பறம் இன்னா” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். அங்கே பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக உருண்டன.

இந்த முறை பத்துக்கு எட்டு. சிவப்பு எழுத்து கொஞ்சம் நீளமாக இருந்தது.

‘இப்போது எழுதியது உண்மையான ஏது. ஆனாலும் குறை இருக்கிறது. ஒரு சாரத்தை வைத்து உங்கள் எல்லாச் சாரங்களுக்கும் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். விழாதவை எத்தனை? அவற்றையும் எழுதிப் பாருங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்.’

அனுப்ப வேண்டாம் என்றதும் மேஸ்திரிக்கு அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நோட்டில் ஒன்று, இரண்டு என்று போட்டார். ஆசிரமத்துப் பக்கம் கட்டின கெஸ்ட் ஹவுஸ்கள், வேங்கிக்கால் புது நகரில் வரிசை வீடுகள், கல்யாண மண்டபம், மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர். நூற்றுப் பதினேழில் நின்று, இன்னும் இருக்கிறது, ஞாபகம்தான் வரவில்லை என்று எழுதிவைத்தார். விழுந்த ஒன்று ஏழு மாதமாகத் தூங்கவிடவில்லை. விழாதவை இத்தனை நாளும் வாயைத் திறக்கவே இல்லை.

அன்று ஸ்கூட்டிச் சத்தம் கேட்டபோது அவர் புத்தகத்தை விரிக்கவில்லை. “ஊனிப் பாக்கலாம்மா” என்றார்.

சினேகா பக்கத்தில் வந்து நின்றாள். இடது பாதம் தரையில் இறங்கியது. குதிகால் பட்டது. தொடையில் ஒரு வலி மேலே ஏறியது. மேஸ்திரி அந்த வலியோடேயே நின்றார், ஐந்து எண்ணும் வரை. அதற்குப் பிறகு உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அடுத்த தடவை பத்து எண்ணும் வரை. மூன்று வாரத்தில் ஜன்னலிலிருந்து ஃபிரிட்ஜ் வரை வாக்கர் இல்லாமல் ஏழு அடி. வாசலைத் தாண்டினால் மட்டும் வாக்கர் இல்லாமல் முடியாது. சமதரை, வீட்டுக்குள், யாரும் இடிக்காத ஏழு அடி வேறு, ஊர் வேறு என்றார். டாக்டர் குறித்த இரண்டு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அதற்கு முன்னால் பரீட்சை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டவுனுக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில். வழக்கமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிற ஆட்டோக்காரன் சுப்பன் எட்டரைக்கெல்லாம் வந்துவிட்டான். மேஸ்திரியும் கீதாஞ்சலியும் ஏறி உட்கார்ந்த பிறகு திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

“மேஸ்திரி, இன்னிக்கு பௌர்ணமி. தெரிஞ்சுதானே கெளம்பறீங்க?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பௌர்ணமியன்று ஜல்லி லாரி ஊருக்குள் வராது என்று இருபத்திரண்டு வருடமாக நாள்காட்டி பார்த்துக் கான்கிரீட் போட்டவர் அவர். பௌர்ணமியன்று கடைக்குப் போக பஸ் கிடைக்காது என்று முதல் நாளே புலம்புகிறவள் அவள். கணம், கருதல், காட்சி என்று ஒரு மாதமாக வீடு முழுவதும் ஒரே பாடமாக இருந்ததில் திருவண்ணாமலைக்காரர்கள் இரண்டு பேரும் பௌர்ணமியை மறந்துபோனார்கள். இதை வெளியே சொன்னால் ஊரைவிட்டே தள்ளிவைப்பார்கள் என்றான் சுப்பன். சந்து சந்தாக நுழைத்துப் பார்த்தான். கடைசியில் ஒரு தெருமுனையில் போலீஸ் தடுப்பு நின்றது. அங்கிருந்து பள்ளிக்கூடம் அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. மணி ஒன்பது பத்து. எதிரே தெரு முழுக்க ஜனம், எல்லோரும் வெறுங்காலோடு மலையைச் சுற்றக் கிளம்பியவர்கள்.

மேஸ்திரி இறங்கி வாக்கரை விரித்தார். அதன் நான்கு காலுக்கும் தெருவில் இடம் இல்லை. முதல் அடியிலேயே ஒரு அம்மாவின் புடவையில் மாட்டியது. இரண்டாவது அடியில் ஒரு பெரியவர் தடுக்கி விழப்பார்த்து, தெலுங்கில் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார். “திரும்பிடலாம் கீதா. அடுத்த வருஷம் எழுதிக்கறேன்” என்றார் மேஸ்திரி. குரல் உள்ளே போயிருந்தது.

கீதாஞ்சலி வாக்கரை அவர் கையிலிருந்து வாங்கி, மடக்கி, தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நடங்க.”

“எதைப் புடிச்சுக்கறது?”

“செவுத்தப் புடிச்சுக்குங்க. இந்தத் தெருவுல பாதி நீங்க கட்டினதுதானே.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். வலது கால், இடது கால். வலித்தது. பின்னாலிருந்து யாரோ இடித்தார்கள், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, கால் தாங்கியது. அவரால் அதை நம்பவே முடியவில்லை, நம்ப நேரமும் இல்லை. பத்து வீடு தாண்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. எழுந்தார். ஒரு மஞ்சள் வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்து நின்றுவிட்டார்.

“இத எவன் பூசினான்? மட்டமே இல்ல.”

“அய்யோ, மணி ஆவுதுங்க!”

மூன்று முறை உட்கார்ந்து, இரண்டு சுவரைக் குறைசொல்லி, ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். வராந்தாவில் மேஜை போட்டு ஒரு மேடம் பெயர் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முன்னால் சட்டை நனைந்து, சுவரில் கைவைத்து நிற்கிற ஆள். பின்னால் தோளில் வாக்கரோடு, கூந்தல் அவிழ்ந்து, மூச்சு வாங்குகிற பெண்.

மேடம் சட்டென்று எழுந்து ஒரு நாற்காலியை இழுத்து கீதாஞ்சலிக்குப் போட்டார். “ஏம்மா, இந்தக் கூட்டத்துல இப்படியா வர்றது? உட்காருங்க முதல்ல. முடியாதவங்களுக்குன்னு கீழயே ரூம் போட்டிருக்கு, நீங்க மாடி ஏற வேணாம். சார், கூட வந்தவங்க கேட்டுக்கு வெளிய நிக்கணும்.”

மேஸ்திரி மறுக்க வாயைத் திறந்தார். அதற்குள் கீதாஞ்சலி உட்கார்ந்துவிட்டாள். வாக்கரைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் இப்படி ஓய்ந்து உட்கார்ந்து எட்டு மாதத்தில் அவர் பார்த்ததில்லை. காலையில் ஓடுவாள், கடையில் நிற்பாள், இரவில் அவரைத் தூக்கி நிறுத்துவாள். அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

“ஆமாங்க மேடம், முடியலைதான்” என்றாள் கீதாஞ்சலி. சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது.

மேஸ்திரி ஹால் டிக்கெட்டை மேஜைமேல் வைத்தார். “பரீட்சை எனக்குங்க மேடம். அந்தக் கீழ் ரூம்ல அவங்க கொஞ்ச நேரம் படுத்து எழுந்திருக்கட்டும். நான் மாடிக்குப் போறேன்.”

மேடம் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மணி அடித்தது. மேஸ்திரி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தபோது கீதாஞ்சலி சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். அவர் சத்தம் செய்யாமல் மிச்சப் படிகளையும் ஏறினார்.